ஆணி அடிக்காத வீட்டில் ஒரு மான்கொம்பு

ஆம்பூரில் மான்கொம்புச் செடி பிழைக்காது என்று சொன்னவர்கள் மொத்தம் நான்கு பேர். நான்கு பேரின் மூக்கையும் உடைத்துவிட்டுத்தான் ஓய்ந்தேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட ஒன்று கையில் இருக்கும்போது அடக்கி வாசிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்த நான்கு பேரில் நானும் ஒருத்தி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்து என்னிடம் சொல்ல வேண்டாம்.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலூரில் நர்ஸாக இருந்தேன். தீக்காய வார்டு. கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை என்பதால் நான்தான் ஊர் மாற வேண்டியிருந்தது. விடைபெறப் போன அன்று எங்கள் வார்டு சிஸ்டர் தன் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு வேப்பமரம். அதன் அடிமரத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பலகைகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு பலகையிலும், ஒரு பிடி மண்கூட இல்லாமல், ஒரு மான்கொம்பு. அதில் சின்னதாக ஒன்றைப் பரீட்சை அட்டை அளவுப் பலகையோடு கழற்றி என் கையில் கொடுத்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது பெரணி ஜாதி. காட்டில் மரத்தின்மேல் ஒட்டிக்கொண்டு வளர்வது. அதனால்தான் வீட்டில் பலகையில் நார் வைத்துக் கட்டுகிறோம். இதற்கு இரண்டு விதமான இலை. ஒன்று மான் கொம்பு மாதிரியே கிளை பிரிந்து முன்னால் நீளும். அதன்மேல் விபூதி தூவியது போல மெல்லிய வெள்ளைப் பூனைமுடி இருக்கும். இன்னொன்று வட்ட இலை. பலகையோடு படிந்து வேரை மூடிக்கொள்ளும். வட்ட இலை கொஞ்ச நாளில் பழுத்துக் காய்ந்து காக்கிக் காகிதம் மாதிரி ஆகிவிடும். பார்த்தால் செத்தது போல இருக்கும். ஆனால் அதற்குள்தான் ஈரம் நிற்கிறது, அதற்குள்தான் வேர் பிழைக்கிறது. செடிக்கு அதுதான் தோல்.

சிஸ்டர் மூன்று விஷயம் சொன்னார். "நல்ல தண்ணி ஊத்து. நேர் வெயில் காட்டாத. காஞ்ச வட்ட இலைய மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாத." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஆனா ஆம்பூர்ல இது நிக்காதும்மா. அந்தத் தண்ணிக்குத் தாங்காது. ஆசைக்கு வெச்சுக்கோ."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது டேனரிக்குப் பின்னால் ஏழு வீடுகள் கொண்ட லைன். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழம்பு வைத்தால் உப்பே போட வேண்டாம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பச்சைத் தோல் நாற்றம் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிந்து நிற்கும். எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஆசையாகக் கல்யாண போட்டோவை மாட்ட ஆணி எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. நாம இங்க தங்கப் போறதில்ல" என்றேன். அவர் ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போட்டோ டிரங்குப் பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் போனது. காலண்டர்கூட ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித்தான் தொங்கியது. மான்கொம்புப் பலகையும் அப்படித்தான், வடக்குப் பார்த்த ஜன்னலில், ஒரு கம்பிக் கொக்கியில்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலூருக்குப் போகலாம் என்று காலையில் ஆரம்பித்தால் படுக்கிற வரைக்கும் அதையே சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் விருந்துக்கு வந்திருந்தான். சாப்பாட்டுக்கு நடுவிலேயே ஆரம்பித்துவிட்டேன். "இந்த ஊர்ல அந்தச் செடியே பொழைக்காதாம். நான் எங்க பொழைக்கிறது?"

வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷன். கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னார். "சரி, ரெண்டு கத்திரி பாக்கலாம். ரெண்டு கோடைக்குள்ள அந்தச் செடி செத்துப்போச்சுன்னா நான் வேலைய வுட்டுட்டு வேலூருக்கு வர்றேன். பொழைச்சுக்கிச்சுன்னா நீ இங்கயே இருக்கணும். மச்சான் சாட்சி."

"மொத கத்திரிக்கே காலி, மாப்ள. நான் இப்பவே வேலூர்ல வீடு பாக்குறேன்" என்று அண்ணன் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஏமாற்றவில்லை. செடியைச் சாகவிட்டால் வேலூர் கிடைக்கும் என்று தெரிந்தும் ஒரு வேளைகூடத் தண்ணீர் காட்டாமல் இருந்ததில்லை. திருட்டுத்தனமாக ஜெயிக்கிற ரத்தம் இல்லை என்னுடையது. நல்ல தண்ணீர் வண்டி வந்தால் வீட்டுக்கு இரண்டு குடம்தான். அதில் ஒரு சின்ன வாளி செடிக்கு. வாளியில் பலகையைத் தலைகீழாக முக்கி, குமிழி அடங்கும் வரை பிடித்துக்கொண்டு, பிறகு எடுத்து வடியவிட்டு மாட்டுவேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கோணிச் சாக்கைக் கட்டி, அதைக் கிணற்றுத் தண்ணீரால் நனைத்துவிடுவேன்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். லைன் முழுக்க அவரை பாபி என்றுதான் கூப்பிடும். வாளியும் கையுமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். "இன்னா சிஸ்டர், மனுசாளுக்கே நல்ல தண்ணி கம்மி. பலகைக்குக் குளிப்பாட்டிக்கினு இருக்கீங்க. நம்மூர்ல இது நிக்காதும்மா. பேஜார் வேலை." நான்காவது ஆளும் ஆயிற்றா?

முதல் கத்திரி வந்தது, போனது. ஒரே ஒரு கொம்பின் நுனி கருகியதோடு சரி. மழைக்காலத்தில் செடி தளதளவென்று எழுந்தது. புதிதாக நான்கு கொம்புகள் வந்தன. முதிர்ந்த கொம்புகளின் அடியில், நுனிப்பக்கம், பழுப்பாக வெல்வெட் மாதிரி ஒரு படலம் வந்தது. விதைக்குப் பதிலாக இந்த ஜாதிக்கு அந்தப் பொடிதான். வீட்டுக்காரருக்கு டேனரியில் செலக்‌ஷன் வேலை, அதாவது தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிப்பது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படலத்தை விரலால் தடவினார். "ஸ்வேடு" என்றார். உள்பக்கத்தை வெல்வெட் மாதிரி தேய்த்தெடுத்த தோலுக்கு டேனரியில் அந்தப் பெயர். "ஒரு குத்தம் இல்ல. ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்."

அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ ஆகியிருக்க வேண்டும். நான் ஆம்பூரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டியூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஜன்னலுக்குத்தான் போவேன். ஆனாலும் வாய் மட்டும் வேலூர் வேலூர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கோடை. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அன்று எனக்குக் காலை டியூட்டி, அவருக்கு லீவு. இரண்டரை மணிக்கு வீடு திரும்பினேன். வாசலில் அவர் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பெருமை. "உள்ள போய்ப் பாரு. சுத்தம் பண்ணிட்டேன்."

முறத்தில் காக்கிக் காகிதம் மாதிரி சருகுகள். எனக்குப் புரிந்துவிட்டது. காலில் செருப்போடு உள்ளே ஓடினேன். பலகையில் வட்ட இலை ஒன்றுகூட இல்லை. அடுக்கடுக்காக இருந்த அத்தனையையும் சுத்தமாக எடுத்துவிட்டிருந்தார். நாரும் வேரும் வெளியே தெரிந்தன. நடுவில் இருந்த பச்சைக் குருத்து மொட்டையாக நின்றது. கொம்புகள் அதற்குள்ளேயே துவண்டு தொங்கின.

அவர் சின்ன வயதில் டேனரியில் சேர்ந்தது சதை எடுக்கிற வேலைக்கு. சரிவான மரத்தில் தோலைப் போட்டு, இரண்டு கைப்பிடிக் கத்தியால் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுப்பது. ஒரு இணுக்கு மிச்சமிருந்தாலும் தோல் அழுகிவிடும் என்று அந்தக் கைக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கை என் செடியைப் பார்த்திருக்கிறது. காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, கோடை வருகிறது, அழுகிவிடும் என்று நினைத்திருக்கிறது. சின்னக் கத்தியை எடுத்து, வேரில் ஒரு கீறல் படாமல், பதமாகச் சீவிவிட்டது. வேலை என்னவோ படு சுத்தம்.

"ஆட்டுத்தோல்னு நெனச்சீங்களா?" என்று கத்தினேன். "உயிரோட இருக்குறத உரிச்சி வெச்சிருக்கீங்களே. யார் உங்கள இதத் தொடச் சொன்னது?"

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "காஞ்சு போனதத்தானே எடுத்தேன். அழுகிடும்னு..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தொடக் கூடாதா? நீ சொல்லலையே."

சொல்லவில்லைதான். சிஸ்டர் சொன்ன மூன்றில் இரண்டைத்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். மூன்றாவதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதை ஒப்புக்கொள்ள அன்று எனக்கு மனம் வரவில்லை. இன்னும் நாலு வார்த்தை கூடத்தான் திட்டினேன்.

திட்டி ஓய்ந்து கீழே உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. நான் ஜெயித்துவிட்டேன். ஒன்றுமே செய்ய வேண்டாம். பலகையை அப்படியே கொக்கியில் மாட்டிவிட்டால் ஒரு வாரத்தில் தானாகக் காய்ந்து போகும். கெடுத்தது அவர் கை, என் கை இல்லை. வேலூர் என் மடியில் வந்து விழுந்திருந்தது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. முறத்தை வைத்துக்கொண்டு, தண்டனைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி வாசல்படியிலேயே நின்றார்.

நான் செடியைப் பார்த்தேன். தோல் போன உடம்பு. எத்தனை பார்த்திருக்கிறேன் அந்த வார்டில். தோல் இல்லாத இடத்தில் முதலில் போவது தண்ணீர். ஈரத்தைக் காப்பாற்றினால் பாதிப் பேர் பிழைப்பார்கள். அப்படி ஒரு உடம்பைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சும்மா உட்கார எந்த நர்ஸாலும் முடியாது. என் கை தன்பாட்டுக்கு எழுந்துவிட்டது.

"முறத்தைக் கீழ வைங்க. நல்ல தண்ணி எவ்ளோ இருக்கு?" என்றேன்.

"அரைக் குடம்."

"அப்படியே கொண்டாங்க. ராத்திரி சோறு வேணாம்."

தேங்காய் நாரை அலசி உப்பு போக்கி, பிழிந்து, வேரின்மேல் மெத்தையாக வைத்தேன். அதன்மேல் ஈரத் துணி. குருத்தை மட்டும் வெளியே விட்டுவிட்டுச் சுற்றிலும் பேண்டேஜ், மூட்டுக்குப் போடுவது போல மாற்றி மாற்றிக் குறுக்கே இழுத்து. அவர் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும் மெதுவாகக் கேட்டார். "இது செத்தாத்தானே உனக்கு வேலூர்?"

"என் கைக்கு வந்த கேஸ நான் சாக வுட்டதில்ல" என்றேன். அது முழுப் பொய். தீக்காய வார்டில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் அதைத்தான் சொல்ல வந்தது. சொன்னதும் அழுகையும் வந்துவிட்டது.

பழைய நோட்டில் ஒரு தாள் கிழித்து, வார்டில் எழுதுவது போலவே சார்ட் போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு முறை துணி நனைக்க வேண்டும். நேரம், யார் நனைத்தது, குருத்தின் நிறம். நான் டியூட்டியில் இருக்கும்போது பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் அவர் பொறுப்பு. டேனரியில் டீ பிரேக் விட்டதும் ஓட்டமும் நடையுமாக வந்து, துணியை நனைத்து, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார். கூட வேலை செய்பவர்கள் விடுவார்களா? "வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டிருக்கிறார்கள். "செடிக்கு" என்று இந்த மனுஷன் உள்ளதைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு டேனரியில் டாக்டர் என்று பெயர்.

முதல் வாரம் மூன்று கொம்புகள் உதிர்ந்தன. இரண்டாவது வாரம் இரண்டு. கத்திரி பிறந்தபோது ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதுவும் துவண்டு. வெயிலில் துணி அரை மணியில் காய்ந்தது. வீட்டில் மெல்லிய துணியும் தீர்ந்துவிட்டது. பாபி ஒரு நாள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பழைய மல்மல் துப்பட்டா ஒன்று, நாலாக மடித்து. "இது தண்ணி ஜாஸ்தி புடிக்கும். கிழிச்சிக்கோங்க" என்றார். கூடவே தன் குடத்திலிருந்து ஒரு சொம்பு நல்ல தண்ணீர். அதன் பிறகு தினம் ஒரு சொம்பு வந்தது.

கத்திரி பாதி தாண்டியிருக்கும். ஒரு காலை டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் துணியைப் பிரித்தேன். குருத்துக்குப் பக்கத்தில் பச்சைப்பயறு அளவுக்கு ஏதோ ஒன்று. தூசி என்று ஊதினேன், போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இளம்பச்சை, அதன்மேல் வெள்ளைப் பூனைமுடி. கொம்பு முளைத்தால் நீளமாகத்தான் வரும். இது உருண்டையாக, பலகைப் பக்கம் படிந்து வந்தது. புதுத் தோல்.

அவரைக் கூப்பிட்டேன். குரல் சரியாக வரவில்லை. பாதி முகத்தில் சவர நுரையோடு வந்து குனிந்து பார்த்தார். தொடப்போன விரலைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தொடட்டுமா?" என்று கேட்டார். பாவம், அன்றைக்குத் திட்டிய திட்டு அப்படி. "தொடுங்க" என்றேன். விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சார்ட்டில் குருத்தின் நிறம் என்ற இடத்தில் ஃபர்ஸ்ட் செலக்‌ஷன் என்று எழுதினார். நான் அன்று டியூட்டிக்கு லேட்.

பிறகு அது நிற்கவே இல்லை. தினம் காலையில் கொஞ்சம் பெரிதாகும். எட்டணாக் காசு அளவு, பிறகு அப்பளம் அளவு. நாரின்மேல் ஏறி, வேரை மூடி, பலகையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று கிளம்பியது. கட்டை ஒவ்வொரு சுற்றாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசித் துணியை எடுத்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இதை அவரிடமே சொன்னேன். "எனக்கும்தான்" என்றார்.

கத்திரி முடிந்த ஞாயிறு. சர்ச்சில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் அண்ணன் நிற்கிறான். கையில் ஒரு சாவி. வேலூரில் ஒரு போர்ஷன் பார்த்து முடித்துவிட்டானாம். மாப்பிள்ளைக்கு மருந்துக் கடையில் வேலையும் பேசிவிட்டானாம். உள்ளே வந்தான், ஜன்னலைப் பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்த அந்த ஒற்றைக் கொம்பைப் பார்த்தான். பலகையோடு படிந்திருந்த வட்ட இலைகள் அவன் கணக்கில் வரவே இல்லை.

"காலி. நான் அப்பவே சொல்லல? பேச்சு பேச்சுதான், மாப்ள. கெளம்புங்க" என்றான்.

செடி பிழைத்துவிட்டது என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தால் அவர் பெட்டியைக் கட்டியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் பலகையைக் கொக்கியிலிருந்து கழற்றி அண்ணன் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். "நல்லாப் பாருண்ணே. செத்த ஒடம்புல தோல் முளைக்குமா?"

அவன் பார்த்தான். என்னைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான். "உனக்காகத்தானே வீடு பாத்தேன். நீயே எனக்கு எதிரா பேசுற?"

"எதிரா எங்க பேசுறேன்? செடி பொழைச்சிடுச்சு. பேச்சு பேச்சுதானே? சாவியக் குடுத்துடு அந்த வேலூர் வீட்டு ஓனர்கிட்ட." சொல்லிவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "ஏங்க, ஆணி வெச்சிருக்கீங்களா?"

அவர் அலமாரிக்குப் போய் ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்தார். கல்யாணமான வாரம் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட அதே ஆணி அதற்குள் இருந்தது, துருப்பிடிக்காமல், எண்ணெய் தடவி.

ஆணி இருந்தது, சுத்தி இல்லை. ஆணியே அடிக்காத வீட்டில் சுத்தி எதற்கு? பாபி வீட்டுச் சுத்தி வந்தது, பின்னாலேயே பாபியும் வந்தார். வீட்டுக்காரர் முதல் அடி அடித்ததும் உப்புப் பூத்த சுவர் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளங்கை அளவுக்குச் சுண்ணாம்பு கீழே விழுந்தது. இரண்டாவது இடத்திலும் அப்படியே. அண்ணன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இப்படிக் குடுங்க மாப்ள, உப்புச் சுவத்துல வெறும் ஆணி நிக்குமா" என்று சுத்தியைப் பிடுங்கினான். மேலே கல் கெட்டியாக இருக்கும் இடமாகத் தட்டிப் பார்த்து, துளை போட்டு, ஒரு மரக்கட்டையைச் சீவிச் செருகி, அதில் ஆணியை இறக்கினான். தொங்கிப் பார்த்தாலும் அசையாது போல நின்றது. பாபி பலகையை வாங்கி மாட்டினார். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் கையை விட்டுப் போட்டோவை எடுத்தேன்.

"அண்ணே, அப்படியே பக்கத்துல இதுக்கும் ஒண்ணு அடிச்சிடு" என்றேன்.